லோர்னா ஆன்ட்டியும் ஏழு மிளகாயும்

சந்தேகப்படுவதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பால் கேனில் தேதி போட்டிருந்தாலும் மோந்து பார்த்துத்தான் நம்புவேன். அப்படிப்பட்டவள், அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தபோது, ஒன்றரை வயது மகன் கவினைப் பார்த்துக்கொள்ள லோர்னா ஆன்ட்டியை அமர்த்தினேன். பிலிப்பைன்ஸில் செபு தீவுக்காரர், தாய்மொழி செபுவானோ. தங்கமான மனுஷி (இதை இப்போது சொல்கிறேன்).

கவினிடம் அவர் பேசும் சொற்களை ரகசியமாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, ஆபீஸில் உட்கார்ந்து போனில் அர்த்தம் தேடுவேன். 'குத்தொம்' என்றால் பசி. 'லமி' என்றால் ருசி. எல்லாம் சோற்று விஷயம். ஒன்று மட்டும் சிக்கவில்லை. தினமும் காலையில் பிள்ளையை "குவாப்போ!" (அழகனாம்) என்று கொஞ்சியதும், ஆன்ட்டி குரலைத் தாழ்த்தி "புர்யா புயாக்" என்பார். அதற்கு மட்டும் போன் வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே கவினுக்குக் காய்ச்சல். மந்திரம்தான், முடிவு கட்டிவிட்டேன்.

"ஆன்ட்டி ஏதோ ஓதுறாங்க. நாளைலேர்ந்து வேண்டாம்னு சொல்லிடலாம்," என்றேன் கணவரிடம்.

"லூசா நீ? அவங்க இல்லன்னா நீ வேலைய ரிசைன் பண்ணணும், தெரியும்ல?"

வேலையை விட எனக்கு மனசில்லை. அதனால் மறுநாள் காலை, ஆன்ட்டி வருவதற்குள் மந்திரத்தை முறித்துவிட நினைத்தேன். ஏழு மிளகாயும் கல்லுப்பும் எடுத்துப் பிள்ளையை மூன்று சுற்று சுற்றி, சூடான இரும்புச் சட்டியில் போட்டேன். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். வந்தது. எனக்கு வந்தது, கணவருக்கு வந்தது, ஸ்மோக் அலாரத்துக்கும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பார்ட்மென்ட் மொத்தமும் பைஜாமாவோடு புல்வெளியில் நின்று இருமியது. ஃபயர் இன்ஜினும் வந்துவிட்டது.

அப்போதுதான் வந்த ஆன்ட்டி ஓடிவந்து கவினை அள்ளிக்கொண்டார். சட்டியோடு வெளியே வந்த தீயணைப்புக்காரர், இது என்ன சமையல் என்று கேட்டார். கணவர் போட்டுக்கொடுத்துவிட்டார்: பிள்ளைக்குக் கண் பட்டதற்கு வைத்தியமாம்.

ஆன்ட்டி முகம் மலர்ந்துவிட்டது. "உங்கள் ஊரிலும் உண்டா? பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்றுதான் நாங்கள் உடனே 'புர்யா புயாக்' சொல்லிவிடுவோம். கவினுக்கு ஒருநாள்கூட நான் சொல்ல மறந்ததில்லை," என்றார் ஆங்கிலத்தில்.

வெட்கமாகப் போய்விட்டது. தினமும் என் பிள்ளைக்குத் திருஷ்டி கழித்தவரைச் சந்தேகப்பட்டா நான் மிளகாய் சுற்றினேன்! (அவ்வளவு நெடி வந்ததால், நம் கணக்குப்படியும் அவர் நிரபராதி.)

ஆன்ட்டி ஐந்து வருஷம் எங்களோடு இருந்தார். கவினுக்கு இப்போது பதினொரு வயது. தமிழில் எது கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் வரும். ஆனால் விருந்தாளி யாராவது என் சாம்பாரைப் பிரமாதம் என்று சொல்லிவிட்டால் போதும், "புர்யா புயாக்!" என்று கத்திக்கொண்டே ஜன்னலைத் திறக்க ஓடுகிறான். அவன் அப்பா மிளகாய் டப்பாவை எடுத்து ஒளித்துவைக்கிறார்.