இரண்டு மணி மாமியார்

"பூஜ்யமா?" என்று ராஜமுருகன் மூன்றாவது முறையாகக் கேட்டான்.

"பூஜ்யம்னா பூஜ்யம்தான். ரேட்டிங் தாளைத் தலைகீழாப் பிடிச்சாலும் அதேதான்," என்றார் சேனல் தலைவர் சௌம்யா.

ராஜமுருகன் தாளை வாங்கித் தலைகீழாகவே பிடித்துப் பார்த்தான். பிடிக்காமல் என்ன செய்வான்? யோசனை அவனுடையதாயிற்றே! இருபத்திரண்டு வருடத்துப் பழைய தொடர் 'மங்களபுரத்து மருமகள்'. மத்தியான நேரத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டுமே என்று அதை மறுஒளிபரப்பு செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று பழனி மலைப்பக்கத்தில் மட்டும் ரேட்டிங் எகிறியது. தினமும் இரண்டு மணிக்கு, ஒரு நாள் தவறாமல். "ஜனங்க பழசுக்கு ஏங்குறாங்க மேடம். புது ஆட்களை வச்சு அதையே திரும்ப எடுப்போம்," என்று மேஜையைத் தட்டிப் பேசியவன் அவன்தான். எடுத்தார்கள். பழசை நிறுத்திவிட்டு அதே இரண்டு மணிக்குப் புதுசைப் போட்டார்கள். மலைப்பக்கம் மொத்தமாகக் கைவிட்டுவிட்டது.

"ஒரு மாசம் டைம். பழைய நம்பர் வரணும். இல்லேன்னா தொடரோட சேர்த்து உங்களையும் நிறுத்திருவேன். உங்களை யாரும் திரும்ப எடுக்க மாட்டாங்க, ஞாபகம் வச்சுக்கோங்க."

அன்றைக்கே பழனி மலையில் இருக்கும் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிவபாக்கியம் என்று கையெழுத்து. 'ஐயா, புது மாமியார் சரியில்லை. பழைய மாமியாரையே போடவும்.'

புது மாமியாராக நடித்த லாவண்யா கொடுமையைக் கொஞ்சம் கூட்டிவிட்டாள் போல என்று ராஜமுருகன் முடிவு கட்டினான். அடுத்த வாரமே மாமியார் திருந்தினாள். மருமகளுக்குத் தலை வாரிவிட்டாள். மெல்லிய குரலில் தாலாட்டுக்கூடப் பாடினாள்.

'ஐயா, முன்னைக்கு இப்போது மோசம்' என்றது இரண்டாவது கடிதம்.

சரி, ஆளையே பிடிக்கவில்லை. மாமியாரை மாடிப்படியில் உருட்டிவிட்டு, மாலை போட்ட படமாகச் சுவரில் மாட்டினார்கள். அந்த வாரம் முழுக்கத் தொடரில் துக்கம். யாரும் வாயே திறக்கவில்லை.

மூன்றாவது கடிதம் விரைவுத் தபாலில் வந்தது. 'ஐயா, கொன்றே போட்டீர்களே! அந்தப் பழைய மாமியார் இல்லாமல் எங்கள் குடும்பம் எப்படிப் பிழைக்கும்? ரெண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.'

ராஜமுருகன் ஆடிப்போனான். எத்தனையோ ரசிகர்களைப் பார்த்திருக்கிறான். ஒரு தொடரால் குடும்பமே பிழைக்கிறது என்று யாரும் எழுதியதில்லை. அந்தக் குடும்பத்தின் பாவம் தன் தலையில் விழுந்துவிட்டதே என்று அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய மாமியாராக நடித்த ராஜகுமாரி, நடிப்பை விட்டுவிட்டு ஆயக்குடியில் கொய்யாத் தோப்பும் தானுமாக இருந்தார். வயது எழுபத்து மூன்று. ராஜமுருகன் கடிதங்களோடு அவரைத் தேடிப் போனான்.

"போய்ச் சோலியப் பாருங்க தம்பி. இருவத்திரெண்டு வருசமா ஒருத்தனும் என்னையத் தேடல," என்றவர், கடிதங்களைப் படித்ததும் மூக்கை உறிஞ்சினார். "பாவம், எம்மேல இம்புட்டு உசுரா! மொதல்ல இந்தப் புள்ளையப் பாக்கணும். வெரசா வண்டிய எடுங்க."

பழனி மலைப்பாதையின் வளைவுகளில் இரண்டு தடவை காரை நிறுத்தி வாந்தி எடுத்தது ராஜமுருகன்தான். அந்த அம்மா முறுக்குத் தின்றுகொண்டு வந்தார்.

சிவபாக்கியத்தின் வீடு வாழைத்தோட்டத்தை ஒட்டி இருந்தது. வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தவள், ராஜகுமாரியைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

"ஆத்தாடி, மாமியாரம்மா! நீங்க உசுரோடவா இருக்கீங்க?"

"செத்தது புதுசுடி. நான் பழசு."

உள்ளே போன ராஜமுருகன் திகைத்து நின்றான். டி.வி. வீட்டுக்குள் பார்க்கவில்லை. ஜன்னலில், திரை தோட்டத்தைப் பார்க்க, கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் ஒன்று, அதுவும் தோட்டத்தைப் பார்த்து.

"தோட்டத்துல வேலை செய்யும்போதுகூட விட மாட்டீங்களாம்மா?"

"எப்படிங்க விடுறது? ரெண்டு மணின்னா அம்மா குரல் கேட்டாகணும். புதுசு வந்ததுலருந்து அஞ்சு நிமிசம் போட்டுப் பாப்போம், பெறகு அணைச்சிருவோம். பிரயோசனமில்ல சார்."

டி.வி.யின் முதுகில் ஒரு சின்னப் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது.

"இது என்னம்மா?"

"அதா? யாரோ வந்து மாட்டிட்டுப் போனாங்க. எந்தச் சேனல் ஓடுதுன்னு கணக்கெடுக்குமாம்."

ராஜமுருகனுக்குத் தெரியாததா, ரேட்டிங் பெட்டி அது! எங்கோ சில வீடுகளில்தான் அந்தப் பெட்டி இருக்கும். அதை வைத்துச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். பழனி மலையே திரண்டு பார்க்கிறது என்று அவன் மேஜையைத் தட்டியது இந்த ஒரு வீட்டை நம்பித்தானா! நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தான். போகட்டும். ஒருத்தியானாலும் உயிரையே விடுகிற ரசிகை. இவளைப் படம் பிடித்துக் காட்டினாலே சௌம்யா மேடம் உருகிவிடுவார்.

"அம்மா, ஒரு ஒத்தாச பண்ணணும்," என்று சிவபாக்கியம் ராஜகுமாரியின் கையைப் பிடித்தாள். "மருமக வெளக்க அணைச்சதும் ஒரு அலறு அலறுவீங்களே, அது ஒரே தடவ. இப்படி ஜன்னல்கிட்ட வந்து, வெளிய பாத்து அலறுங்க. மணி ரெண்டாகப் போகுது."

ராஜகுமாரி முந்தானையை இழுத்துச் செருகினார். மூச்சை இழுத்தார்.

"அடிப் பாதகத்தி! எங்குடியக் கெடுக்கவாடி வந்த!"

ஜன்னல் கதவு அதிர்ந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. தோட்டத்தில் சடசடவென்று ஏதோ முறிந்தது. சிவபாக்கியம் கைகூப்பிக் கண்ணீர் விட்டாள், ராஜகுமாரியும் விட்டார். ராஜமுருகன் உடனே சௌம்யாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"மேடம், ஜனங்க ஏன் பழசையே கேக்குறாங்கன்னு இப்பத்தான் மேடம் எனக்குப் புரிஞ்சது!"

அந்த நேரம், ஒரு கையில் தகர டின்னும் மறு கையில் கம்புமாக, சிவபாக்கியத்தின் வீட்டுக்காரர் பொன்னுச்சாமி தோட்டத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏ சிவபாக்கியம், பழைய மாமியாள மறுபடி போட்டுட்டாங்களா? ஒரே அலறுல அம்புட்டுக் கொரங்கும் வாழைய விட்டு ஓடிருச்சுடி! அந்தப் புது மாமியாளப் போட்டா, குடும்பத்தோட வந்து உக்காந்துல்ல பாத்துச்சுக!"