இழுப்புப் பூனை

தீர்த்தகிரிக்கு முதலில் துரோகம் செய்தவன் அவன் மச்சினன் சக்கரவர்த்தி. சந்தவாசலில் புளி வியாபாரம். முட்டையிடுகிற கோழி ஒன்றை வாங்கிக்கொண்டு, "எலிக்கு இது எமன், மாமா" என்று ஒரு சாம்பல் பூனையைத் தலையில் கட்டினான். மலை ஏறிய பிறகுதான் தெரிந்தது, பூனைக்கு இழுப்பு. மூச்சு விட்டால் விசில் சத்தம். சாமை மூட்டைப் பக்கம் அது கிளம்பும்போதே எலிகளுக்குத் தகவல் போய்விடும். அவை நிதானமாகத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போகும்.

அதோடு விட்டதா? தீர்த்தகிரியின் மனைவி செல்லி பூனையை அடிவாரத்து மாட்டு டாக்டரிடம் தூக்கிப் போனாள். திரும்பி வந்ததும் சட்டம் போட்டாள்.

"ஆயுசுக்கும் இந்த இழுப்பு போவாதாம். வெதுவெதுப்பா வெச்சிக்கணுமாம். புகையே ஆவாதாம்."

"அடுப்புப் புகையா?"

"அடுப்பை நான் வெளிக் கொட்டாய்க்கு மாத்திக்கறேன். உங்க பீடி?"

"இன்னாமே சொல்ற? என் வூட்ல நான் பீடி குடிக்கக் கூடாதா?"

"தாராளமாக் குடிங்க. புளியமரத்தாண்ட போய்க் குடிங்க."

அது மலை மார்கழி. பீடி பற்றுவதற்குள் பாதித் தீப்பெட்டி காலி. பற்றிய பிறகோ, பல் ஆடுகிற ஆட்டத்தில் பீடி வாயில் நிற்காது. உள்ளே அவனுடைய கம்பளியில் பூனை சுருண்டு விசில் அடித்துக்கொண்டிருக்கும். இருபது வருஷம் செல்லி கத்தியும் விடாத பீடியை ஒரு பூனை வாசலுக்குத் தள்ளிவிட்டது.

தை பிறந்ததும், குளிர் விடுமுன்பே, சக்கரவர்த்தி மகனுக்குக் காது குத்து வந்தது.

"அத்தை வூட்டுச் சீரா நம்ம செஞ்சேவலைக் குடுக்கலாங்க" என்றாள் செல்லி.

"கோழியை ஏமாத்தி வாங்கினவனுக்குச் சேவலா? ஒரு இறகு கூடக் கிடையாது! நீ வூட்லயே இரு. நான் மட்டும் போறேன். உறவுக்காரங்க நடுவுல பூனையை அவன் மடியில போட்டுட்டு, என் கோழியைக் கேட்டு வாங்கினு வர்றேன்."

செல்லி சண்டைக்கு வரவில்லை. தீர்த்தகிரிக்கு மீசை தானாகத் துடித்தது. ஒரே அதட்டல், அடங்கிவிட்டாள்!

"சரிங்க. நானே கோணியில கட்டித் தர்றேன். நீங்க தொட்டா பிறாண்டும்."

"கெட்டியாக் கட்டு. வழியைப் பார்த்துட்டா பூனை திரும்பி வந்துடும். போய்ச் சேர்ற வரைக்கும் மூட்டையை அவுக்கக் கூடாது. அதான் முறை."

"முறை தெரிஞ்சவரு நீங்க" என்றாள் பணிவாக.

விடியுமுன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். சேவல் கூடக் கூவவில்லை. அதற்கும் குளிர் போலிருக்கிறது. மூட்டையிலிருந்தும் விசில் இல்லை. மாசக்கணக்கில் மருந்து கொடுத்தும் நிற்காத இழுப்பு, ஆம்பிளை தோளில் ஏறியதும் நின்றுவிட்டது!

மலை இறங்கிப் படவேட்டில் பஸ் ஏறினான். கண்டக்டர் மூட்டையைத் தட்டினார்.

"உள்ள இன்னா, பெரியவரே?"

"பூனை. நோயாளி."

"சத்தமே காணோம்?"

"என்னைக் கண்டா அடங்கிடும்."

சக்கரவர்த்தி வீட்டில் பந்தல், குழாய் ரேடியோ, ஊர் நிறைய உறவு. இதைவிட நல்ல சபை கிடைக்குமா? தீர்த்தகிரி நடுப் பந்தலில் மூட்டையை இறக்கினான்.

"மச்சான்! உனக்குச் சேர வேண்டியதைக் கொண்டாந்திருக்கேன். எல்லார் முன்னாலயும் நீயே அவுத்துப் பாரு!"

சக்கரவர்த்தி கட்டை அவிழ்த்தான். செல்லியின் பழைய புடவைச் சுற்றலுக்குள்ளிருந்து செஞ்சேவல் தலையை நீட்டியது. கொண்டையை உதறியது. விடியற்காலையில் பாக்கி வைத்த கூவலைப் பந்தல் அதிரக் கூவியது.

"அத்தை வூட்டுச் சீர்னா இதான்யா!" என்றது சபை.

"இது இல்ல... பூனை..." என்றான் தீர்த்தகிரி.

"பூனைக்கு இன்னா மாமா, நல்லாத்தானே இருக்குது?" சக்கரவர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்து சந்தைக்கு வந்த ஆள்கிட்ட அக்கா சொல்லி அனுப்புச்சு. அந்த வாயில்லா ஜீவனுக்காவ பனியில நின்னு பீடி குடிக்கறீங்களாமே! எவனுக்கு வரும் இந்த மனசு?"

கழுத்தில் மாலை விழுந்தது. மாலையைப் போட்டுக்கொண்டு எந்த வாயால் கோழியைக் கேட்பது? மத்தியானம் சேவல் கறி. பந்தியில் அவனுக்கு வந்தது கழுத்து.

இருட்டும்போது வீடு வந்து சேர்ந்தான். கம்பளியில் பூனை.

"இன்னாமே இது?"

"நீங்கதானே வழியில அவுக்கக் கூடாதுன்னீங்க."

தீர்த்தகிரி புளியமரத்தடிக்குப் போய் ஒரு பீடியைப் பற்றவைத்தான். சக்கரவர்த்தி கோழியும் தரவேண்டும், எலி பிடிக்கிற பூனையும் தரவேண்டும். இப்போது சேவலும் சேர்ந்துகொண்டது. விடப் போவதில்லை. சாகும்வரை கேட்பான்.

உள்ளே பூனை விசில் அடித்தது. செல்லி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இன்னும் ரெண்டு மரம் தள்ளிப் போங்க. காத்து இந்தப் பக்கம் அடிக்குது."