மேஜரைப் பற்றி எனக்குத் தெரியாதா

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் நடக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் இந்த இனத்தை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். முதலில் பாதை வளைவில் ஒரு நாய் தெரியும். அது உங்களைப் பார்த்து ஓடி வரும். நீங்கள் மரத்தோடு மரமாக ஒட்டி நின்று, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி முடித்து, மறுபடியும் முதல் சாமியிலிருந்து ஆரம்பிக்கும்போது, பின்னால் ஒருவர் கைவீசி நடந்து வருவார். நாய்க்கு வாங்கிய கயிறு அவர் கழுத்தில் மாலையாகத் தொங்கும். முகத்தில் அப்படியொரு சாந்தம்.

"ஒண்ணும் செய்யாது" என்பார்.

இவர்தான் அவர்.

ஊருக்கு ஊர் இவர்கள் உண்டு. ஆனாலும் புக்கிட் பெருவாங் பரமேஸ்வரனைப் பற்றிச் சொல்லிவிட்டால் எல்லாரையும் பற்றிச் சொன்ன மாதிரிதான். பரமேஸ்வரன் கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் விதிகளை மதிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர். பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டை எவனாவது அரை அடி தாண்டினால் போதும், அவனை ஓரமாகக் கூட்டிப்போய், ஒரு விதி என்றால் அதற்குப் பின்னால் யாரோ ஒருத்தனுடைய விரல் போயிருக்கிறது என்று பொறுமையாக விளக்குவார். விளக்கம் முடிவதற்குள் அவனுக்குத் தன் விரலைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். அப்பேர்ப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிகளுக்கு லீவு.

அவருடைய நாயின் பேர் மேஜர். லூபோக் சீனா பக்கம் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து, மடியில் வைத்துக்கொண்டு காடி ஓட்டிக் கொண்டுவந்த குட்டி. அதன் அப்பன் அசல் அல்சேஷன் என்பார். அப்பனை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஏரியைச் சுற்றியிருப்பது பாதுகாக்கப்பட்ட இடம். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கரைப் பாதையில் போகலாம், கோரைப் புதர்ப் பக்கம் போகவே கூடாது என்று வாசலிலேயே படம் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பரமேஸ்வரன் அதைப் படிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. மேஜரை அதன் அடியில் கயிறில்லாமல் உட்காரவைத்துப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதே அவர்தான். கேட்டால், அது மத்த நாய்களுக்கு, பலகையில் ஒவ்வொரு நாய்க்கும் பேரா எழுத முடியும் என்பார்.

ஜெயா என்று ஒரு பெண், அரசாங்க கிளினிக்கில் தாதி, அவளும் ஞாயிறுதோறும் அங்கே நடப்பவள். சின்ன வயதில் கெண்டைக்காலில் நாயிடம் கடிபட்டவள். மேஜரைக் கண்டால் கல்லாகி நின்றுவிடுவாள். பரமேஸ்வரன் அவளுக்கு வாராவாரம் இலவசமாகப் பாடம் நடத்துவார். நாம் பயந்தால் நாய்க்குத் தெரிந்துவிடுமாம், அதனால்தான் அது மேலே பாய்கிறதாம், பயப்படாமல் நடந்து பழக வேண்டுமாம். கடைசியில் குற்றவாளி யாரென்று பார்த்தீர்களா? அவள் குடையோடு வர ஆரம்பித்தபோது பரமேஸ்வரனுக்கு மனசு நொந்துபோனது. குடையைப் பார்த்தால் மேஜர் மிரளும் என்று அதையும் சொல்லிவைத்தார்.

ஏரிக் காவலர் ரம்லி அவரிடம் பலமுறை தணிவாகச் சொல்லியிருந்தார். புதருக்குள் மெமெராங் குட்டி போட்டிருக்கிறது, நாய் வாடை பட்டாலே தாய் இடம் மாறிப் போய்விடும், தயவுசெய்து கட்டிக்கொண்டு வாருங்கள் என்று. பரமேஸ்வரனுக்கு ஒரே சிரிப்பு. மெமெராங்குக்குத் தமிழில் என்ன பேர்? நீர்நாய். பேரிலேயே நாய் இருக்கிறது, ரெண்டும் சொந்தக்காரர்கள்தானே என்று ரம்லிக்கு மலாயில் விளக்கினார். மலாயில் அந்தச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிறு அவர் மனைவி இந்திராதேவியும் கூட வந்தாள். இனிப்பு நீர் வியாதிக்கு நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலில் பலகையைப் பார்த்ததும், கயிற்றைப் போட்டுவிடுங்களேன் என்றாள்.

"மேஜரைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார் பரமேஸ்வரன்.

வளைவில் நாலைந்து பேர் மூச்சுக்காட்டாமல் நின்றிருந்தார்கள். ஜெயாவும் இருந்தாள். எதிரே சேற்றுத் திட்டில் நீர்நாய்க் குடும்பம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குட்டிகள் தாயின் முதுகில் ஏறிச் சறுக்குவதும், தாய் ஒன்றைக் கவ்வி எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வதுமாக, பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. பரமேஸ்வரனுக்கே மனசு இளகியது. கை தானாகக் கழுத்துக் கயிற்றுக்குப் போனது. அதை ஜெயா பார்த்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்பதனாலேயே கை கீழே இறங்கியது.

மேஜர் பாய்ந்தது.

குட்டிகள் சிதறி ஓடின. பெரியவை ஓடவில்லை. தண்ணீரில் மேஜரை வளைத்துக்கொண்டன. காதை ஒன்று பிடித்தது, வயிற்றை இன்னொன்று. மேஜரின் தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. அடுத்த முறை வரத் தாமதமானது.

யாரும் உள்ளே குதிக்கக் கூடாது, முதலில் உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று திங்கள்தோறும் தொழிலாளர்களுக்குச் சொல்கிற பரமேஸ்வரன், காலில் சப்பாத்தோடு குதித்தார். ஆள் வந்ததும் நீர்நாய்கள் விலகின. மேஜரின் கழுத்துப் பட்டையை எட்டிப் பிடித்துவிட்டார். ஆனால் இடுப்பு வரை சேறு. ஒரு காலை எடுக்கப் போனால் மறு கால் இறங்கியது. இருபத்தாறு வருஷமாக அவரை "ஏங்க" என்று மட்டுமே கூப்பிட்ட இந்திராதேவி, கரையில் நின்று பேர் சொல்லி அலறினாள்.

"அண்ணே, கழுத்துல இருக்கிற கயித்தைத் தூக்கிப் போடுங்க" என்றாள் ஜெயா.

போட்டார். ஒரு முனையை அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள, மறு முனையை எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். இப்படியாக அந்தக் கயிறு முதன்முதலாக வேலை செய்தது. முனையில் இருந்தது மேஜர் இல்லை, அவ்வளவுதான்.

கரையில் மேஜர் ரத்தமாகக் கிடந்தது. ஜெயா பக்கத்தில் முட்டி போட்டு, துப்பட்டாவை உருவி அதன் வயிற்றில் அழுத்தினாள். மேஜர் வலியில் பல்லைக் காட்டி உறுமியது. அவள் கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து பரமேஸ்வரனைக் கேட்டாள்.

"கடிக்குமாண்ணே?"

பழக்கத்தில் அவர் வாய் திறந்தது. சேறு சொட்ட நின்று மேஜரின் பல்லையே பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

மேஜரைப் பற்றி அவர் வாயால் வந்த முதல் உண்மை அது. குனிந்து மேஜரின் வாயைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். மிருக ஆஸ்பத்திரிக்குக் காடியில் போகும்போது அழுதார்.

மேஜர் தையல்களோடு பிழைத்துக்கொண்டது. நீர்நாய்கள் அந்தத் திட்டுக்குத் திரும்பவில்லை. மறுநாள் புதரோரத்தில் ஒரு குட்டி செத்துக் கிடந்ததாகவும் ரம்லியே அதைப் புதைத்ததாகவும் கேள்விப்பட்ட அன்று, பரமேஸ்வரனுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் ஒரு மனிதர் திருந்திய கதையாகிவிடும். எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் ஒரு வாரத்தில் சாப்பாடு இறங்க ஆரம்பித்தது, கூடவே விளக்கமும் வந்துவிட்டது. மேஜர் விளையாடத்தான் போனதாம், அதுகள்தான் காரணமில்லாமல் பாய்ந்தனவாம். தீபாவளிக்கு வந்தவர்களுக்குச் சொன்னபோது நீர்நாய்கள் ஒரு கூட்டம். தைப்பூசத்துக்குள் அது படையாகிவிட்டது. அவ்வளவு மோசமான மிருகத்தை இப்படி அவிழ்த்து விட்டிருக்கிறீர்களே என்று ரம்லியையே கேட்டார். ரம்லி பெருமூச்சோடு நகர்ந்துவிட்டார்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். இப்போது மேஜரைக் கயிற்றில் பிடித்துத்தான் வருகிறார். போன வாரம் பிரவின் என்ற இளைஞன் தன் வெள்ளை நாயை அவிழ்த்து விட்டு வந்தபோது, வழிமறித்து நிறுத்தினார். அவன் சிரித்துக்கொண்டே, ஒன்றும் செய்யாது அங்கிள் என்றான். பரமேஸ்வரனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. பொறுப்பில்லாத ஜனங்க லா."

பக்கத்தில் நின்ற ஜெயா அவசரமாக ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உங்களுக்கும் சிரிப்பு வருகிறது. வீட்டில் நாயே கிடையாது, நமக்கென்ன என்கிறீர்கள். ரொம்ப நல்லது. போன மாதம் கோயில் மண்டபத்தில் அன்னதானம் நடந்தபோது, உங்கள் பிள்ளை பந்திக்கு நடுவே ஓடிவந்து, முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டியில் சாம்பாரைக் கவிழ்த்ததே, அப்போது அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என்ன சொன்னீர்கள்? மறந்துபோயிருக்கும்.

அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.