பத்மாவதி ஒட்டுக் கேட்கவில்லை

எந்தத் தப்பும் செய்யாத ஒரு பெண்ணின் வேலைக்கு நான் ஒருமுறை உலை வைத்திருக்கிறேன். பகையோ பொறாமையோ காரணமல்ல. எனக்கு மூளை இருக்கிறது என்ற நம்பிக்கைதான் காரணம். (அது இப்போது இல்லை. வயதானால் சில நோய்கள் தாமாகவே குணமாகிவிடுகின்றன.)

எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தேன். எம்.எஸ்ஸி. படித்தவன் என்பதால், கம்ப்யூட்டர் வந்தபோது அதை என் தலையில் கட்டினார்கள். வந்தது என்று சொல்வதும் சரியில்லை. கம்ப்யூட்டர் மெட்ராஸில், குளிரூட்டிய அறையில் இருந்தது. எங்களுக்கு வந்தது ஒரு திரையும் தட்டச்சுப் பலகையும்தான். அந்த ஒரே பெரிய மிஷின், பல மிஷின்களாக வேஷம் போட்டு, ஒவ்வொரு கம்பெனிக்கும் ‘இது உனக்கே உனக்கு’ என்று ஒன்றைக் காட்டும். இன்றைய பிள்ளைகள் இதை மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். அந்தச் சொல் கைவசம் இல்லாமல் முதலாளிக்கு விளக்கப் போனேன்.

“அப்போ நம்ம மிஷின்னு அங்க ஒண்ணு இல்ல?”

“இல்ல முதலாளி. ஆனா இருக்கிற மாதிரியே வேலை செய்யும்.”

“பரவால்லப்பா. இருந்துகினே வேலை செய்யாதவங்க நம்மகிட்ட ஜாஸ்தி” என்றார்.

மெட்ராஸ் மிஷினைப் பிடிக்க டெலிபோன்தான் வழி. எங்கள் டெலிபோன் போர்டில் பத்மாவதி உட்கார்ந்திருந்தாள். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் நம்பர் போட்டு, “மெட்ராஸ் கெடச்சிடுச்சு சார், எடுங்க” என்பாள். எடுத்தால் ‘உய்’ என்று ஒரு விசில் கேட்கும். உடனே ரிசீவரை ஒரு பெட்டியின் மேல் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். அதில் காதுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என இரண்டு ரப்பர் கிண்ணங்கள். பெட்டி விசிலைக் கேட்டு எழுத்தாக்கும். நாம் தட்டும் எழுத்தை விசிலாக்கி அனுப்பும். வெளிச் சத்தம் உள்ளே போகாமல் காப்பது அந்த ரப்பர்தான்.

ஒருநாள் ரப்பர் கிழிந்தது. புதிது வர நாளாகும் என்றார்கள் மெட்ராஸில். தோல் குவிந்து கிடக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரப்பர் கிண்ணத்துக்காகக் காத்திருப்பதா என்று எனக்கு ரோஷம் வந்தது. நல்ல ஆட்டுத் தோலில் இரண்டு கிண்ணம் தைக்கச் சொல்லி, ஈரத்தோடு பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தன. கணக்குப் பிரிவு ஆட்களைக் கூட்டி வந்து காட்டினேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் காட்டினேன்.)

அதன் பிறகுதான் வினை ஆரம்பித்தது. காலையில் இணைப்பு நன்றாக இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் திரையில் கண்டபடி எழுத்துகள் கொட்டும், இணைப்பு அறுந்துபோகும். மெட்ராஸ் மிஷின்காரரைக் கேட்டேன்.

“எங்க பக்கம் சுத்தம் சார். உங்களத் தவிர எல்லாரும் வேலை செஞ்சிட்டிருக்காங்க.”

டெலிபோன் லைன்மேனைக் கூப்பிட்டுக் கம்பம் கம்பமாக ஏறச் சொன்னேன். “லைன் கண்ணாடி மாதிரி இருக்குது சார். நீங்க வேணா ஏறிப் பாருங்க” என்றார்.

பழுது தேடுவதற்கு ஒரு முறை உண்டு: சந்தேகப்படும்படி இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அப்படியே செய்தேன். மிஷினைக் கழித்தேன், கம்பியைக் கழித்தேன், திரையைக் கழித்தேன். மிஞ்சியது பத்மாவதி. அவள் நடுவில் ரிசீவரை எடுத்து ஒட்டுக் கேட்கிறாள், அதனால்தான் அறுகிறது என்று முடிவு கட்டினேன். அதற்கு நிரூபணமும் கிடைத்தது. கோயில் திருவிழாவுக்கு அவள் லீவு போட்ட நாளில் சாயங்காலம் வரை இணைப்பு அசையவே இல்லை. அன்று விடாமல் மழை பெய்ததை நான் கவனித்தேன். ஆனால் குடை கொண்டு வராத கவலையில் கவனித்தேன்.

மறுநாள் டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போதே முதலாளியிடம் சொன்னேன். பத்மாவதி எழுந்து வந்தாள்.

“சார், அந்த மிஷின் உய்யுனு கத்துது. அத ஒட்டுக் கேட்டு நான் இன்னா பண்ணப் போறேன்?”

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. “சிலருக்குக் கேக்கறதே பழக்கம்” என்றேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “போன்ல வெல பேசறோம், பார்ட்டிங்க கிட்ட பேசறோம். சந்தேகம் வந்தப்புறம் அந்த சீட்டுல வைக்க முடியாதும்மா.”

ஒட்டுக் கேட்டவள் என்று பெயர் வாங்கிய பெண்ணை வேறு எந்தப் போர்டில் உட்கார வைப்பார்கள்? அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேறு ஆள் கிடைக்கும்வரை போர்டையும் நானே பார்த்தேன். மழை தொடர்ந்தது. இணைப்பு தங்கமாக இருந்தது. “பாத்தீங்களா முதலாளி?” என்று தினமும் ஒருமுறை சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து வெயில் அடித்தது. அன்று மதியம் கப்பலில் ஏற்ற வேண்டிய சரக்கின் விவரம் வாங்க, முதலாளியே என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரையில் மளமளவென்று குப்பை எழுத்துகள் கொட்டின. இணைப்பு அறுந்தது. மறுபடி பிடித்தேன். மறுபடி அறுந்தது.

முதலாளி போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இப்போ யார் ஒட்டுக் கேட்டது?”

அந்த நேரம் வெளியே மேஸ்திரி காதர் பாய் ஒரு லாரியைப் பின்பக்கமாக உள்ளே வாங்கிக்கொண்டிருந்தார். “ரிவர்ஸ், ரிவர்ஸ்” என்று அவர் குரல் கொடுக்கக் கொடுக்க, மூன்றாம் முறை பிடித்திருந்த இணைப்பில் ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் ஒரு வரி குப்பை வந்தது. காதர் பாய் மெட்ராஸ் கம்ப்யூட்டரோடு நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

ரிசீவரைத் தூக்கிப் பார்த்தேன். மழையில் பதமாக இருந்த என் தோல் கிண்ணங்கள், தகரக் கூரைச் சூட்டில் அப்பளமாக விறைத்துச் சுருங்கியிருந்தன. இடுக்கில் விரல் போனது. தோல் காய்ந்தால் சுருங்கும் என்பது ஆம்பூரில் நாய்க்குக்கூடத் தெரியும். கழித்துக் கழித்துப் பார்த்தவன் கழிக்க மறந்தது என்னைத்தான்.

முதலாளி கிண்ணத்தை வாங்கிச் சுண்டிப் பார்த்தார். “தோல் கம்பெனில உக்காந்துகினு…” என்று தொடங்கி, மேலே சொல்லாமல், “போய் அந்தப் பொண்ணக் கூட்டினு வா” என்றார்.

அன்றே குடியாத்தம் போனேன். தெரு முழுக்க விசைத்தறி. பத்மாவதி வாசலில் நின்றாள். உள்ளே அவள் அப்பா தறியை விட்டு நகரவில்லை. நான் மெதுவாக மன்னிப்புக் கேட்டேன்.

“கேக்கல சார்.”

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

“தறிச் சத்தம் சார். இன்னும் கொஞ்சம்.”

மூச்சை இழுத்து, “தப்பு என் மேலதான், நான்தான் முட்டாள்” என்று கத்தினேன். ‘தப்பு’ வரை தறிகள் ஓடின. அதற்குள் கரண்ட் போனது. மிச்சத்தைத் தெரு முழுவதும் அமைதியாகக் கேட்டது.

“இப்போ கேட்டுச்சு” என்றாள் பத்மாவதி. “இதையே கம்பெனில, டீ நேரத்துல, எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க சார். அப்புறம் வர்றேன்.”

சொன்னேன். வந்தாள். ஆனால் நான் சொன்ன பொய் ஓடிய தூரத்துக்கு என் மன்னிப்பு ஓடவில்லை. அதன் பிறகும் சிலர் போர்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு வருஷத்துக்குள் அவள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி போர்டுக்குப் போய்விட்டாள். அவளைப் பற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் விசாரித்தபோது, முதலாளியின் கையெழுத்துக்கு நற்சான்று எழுதியது நான். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து எனக்குக் குடியாத்தத்திலேயே பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார், என்னோடு வேலை செய்தவள் என்று பத்மாவதியிடமே விசாரிக்கப் போனார்கள். கேள்விப்பட்டதும், அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். அவளோ நிதானமாகச் சொல்லியிருக்கிறாள்:

“நல்ல மனுஷன்தான். வீட்ல இன்னா கெட்டுப் போனாலும் மொதல்ல உங்க பொண்ணுதான் காரணம்னு சொல்லுவார். ஒரு வாரம் கழிச்சு தெருவே கேக்கற மாதிரி மன்னிப்புக் கேப்பார். அந்த ஒரு வாரத்தப் பொறுத்துக்க முடியும்னா குடுங்க.”

கொடுத்தார்கள். போன மாதம் மிக்ஸி ஓடவில்லை. நான் சமையலறைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். என் மனைவி காலண்டரைப் பார்த்தாள்.

“இன்னிக்கு செவ்வாய்” என்றாள். “வர்ற செவ்வாய் மன்னிப்பு. பக்கத்து வீட்ல சொல்லி வச்சிடறேன்.”