எட்டடித் தொட்டிக்கு எந்தக் கண்ணாடி

கராச்சர்மா,
போர்ட் பிளேயர்.
12-2-1973

மைத்துனன் சிரஞ்சீவி திருநாவுக்கரசுக்கு அநேக ஆசீர்வாதம். இங்கு நான், உன் அக்காள் இந்திராணி, குழந்தை மங்கையர்க்கரசி மூவரும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, அதில் என்னையும் சேர்த்தது சரியா என்று சந்தேகமாக இருக்கிறது. அவர்கள் இருவரும் சுகம் என்று திருத்திப் படிக்கவும். உன் வீட்டில் எல்லோர் சுகத்துக்கும் எழுதவும்.

நீ சென்னையில் கண்ணாடிக் கடையில் இருக்கிறாய் என்பதால்தான் உன்னைத் தொந்தரவு செய்கிறேன். மங்கைக்கு லம்பா லைன் பகுதியில் இருக்கும் காண்டிராக்டர் ஜெகநாதனின் மகன் சண்முகத்தைப் பார்த்திருப்பது உனக்குத் தெரியும். பையன் சிப்பிகாட் விவசாயப் பண்ணையில் வேலை பார்க்கிறான், அதிகம் பேசமாட்டான். ஜாதகம் பொருந்தி, இரு வீட்டாருக்கும் பிடித்து, வைகாசியில் முகூர்த்தம் என்று பேசியாயிற்று. தாம்பூலம் மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்று இப்போது ஒரு மீன் தொட்டிக்குள் விழுந்து கிடக்கிறது.

ஜெகநாதன் புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில் எட்டடி நீளத்துக்கு மீன் தொட்டி வைக்கிறார். சட்டம் தயார், கண்ணாடி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு கூடத்தில் எதற்கு மீன் என்று நான் கேட்கவில்லை. சம்பந்தியாகப் போகிறவரிடம் அப்படியெல்லாம் கேட்பதுண்டா? தொட்டியில் மீன் நீந்த, அதன் முன்னால் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றிக்கொள்வோம் என்றார். தலையாட்டினேன். வினை அங்கே ஆரம்பித்தது.

கண்ணாடியில் இரண்டு வகை என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணக் கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பினால் லேசாகப் பச்சை தட்டும்; கனம் கூடக்கூடப் பச்சையும் கூடும்; எட்டடித் தொட்டிக்குக் கனமாகத்தான் போட்டாக வேண்டும். இன்னொன்று இரும்பு குறைந்த சீமைக் கண்ணாடி. இருப்பதே தெரியாத தெளிவு. ஜெகநாதன் என்னை உட்காரவைத்து, "மாஸ்டர்ஜி, நீங்க இஸ்கூல்ல வெளிச்சத்தைப் பத்திப் பாடம் நடத்தினவரு. நீங்களே சொல்லுங்க. காங்கிரீட்டுல இரும்பைக் குறைச்சா ஸ்லாப் நிக்குமா? கண்ணாடியும் அதே கதைதான். இரும்பு குறைஞ்ச மால் நமக்கு வேணாம். நம்ம வீட்டுல எல்லாம் பக்கா" என்றார். கண்ணாடியில் இரும்பு பலத்துக்காக இல்லை, அது மணலோடு வந்த அழுக்கு என்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை பௌதிகம் நடத்தியவனுக்கு அதுகூடவா தெரியாது? ஆனால் ஒரு காண்டிராக்டரைப் பார்த்து இரும்பு குறைந்தால் பரவாயில்லை என்று நான் எந்த வாயால் சொல்வேன்? "தாங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது" என்றேன்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனால் அவர் சம்சாரம் நீலாவதி அம்மாள் கேசரித் தட்டோடு நிற்கிறார். "அண்ணே, பச்சைக் கண்ணாடி போட்டா மீனு சோடா பாட்டிலுக்குள்ள விழுந்த மாதிரில்ல இருக்கும்? இந்த மனுசனுக்கு வீடு கட்டினாலும் கோட்டை, தொட்டி கட்டினாலும் கோட்டை. நல்ல கண்ணாடியா போடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு" என்றார். என் வாயில் அவர் கிண்டிய கேசரி. அதை வைத்துக்கொண்டு மறுத்துப் பேச எனக்கு வரவில்லை. விழுங்கிவிட்டு, "தெளிவுதான் முக்கியம்" என்றேன். இரண்டுமே பொய்யில்லை, அரசு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் மரியாதையான வாக்கியங்கள்.

மறுநாள் காலை இருவரும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கையில் ஆளுக்கொரு கண்ணாடித் துண்டு. "மாஸ்டர்ஜி என் கட்சின்னு இவகிட்ட சொல்லுங்க." "அண்ணே என் கட்சி. நேத்துத்தான் சொன்னாரு, கேசரி சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு." "அரே, கேசரி கொடுத்து வாங்கினது ஒரு பேச்சா? போலோ மாஸ்டர்ஜி, நீங்களே சொல்லுங்க!" நான் ஆராய்ந்து சொல்கிறேன் என்றேன். போகும்போது அவர் வாசலில் நின்று, "உங்க வார்த்தைதான் கடைசி. ஆனா என் பேச்சு தோத்த கூடத்துல நான் எப்படித் தாம்பூலம் மாத்துவேன்னு மட்டும் யோசிச்சுக்கங்க" என்றார். அந்த அம்மாள் ஜீப்பில் ஏறியபடி, "எனக்கே மதிப்பில்லாத வீட்டுக்கு மருமக வந்து என்ன செய்யப்போறா அண்ணே" என்றார். ஆக, எந்தக் கண்ணாடியைச் சொன்னாலும் மங்கையின் கல்யாணம் நொறுங்கும்.

இருந்தாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஆராய்ச்சியில் இறங்கினேன். மீன்காரரிடம் சொல்லி வரி போட்ட மீன் ஒன்றை உயிரோடு வாங்கி, கடல்நீரோடு ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு, முன்னால் சம்பந்திகள் விட்டுப்போன துண்டுகளில் ஒன்றை வைத்துப் பார்த்தேன், பச்சை. அடுத்த துண்டை வைத்தேன், அதுவும் பச்சை. அப்புறம்தான் ஜாடியே பச்சை என்று தெரிந்தது. அதன் பிறகு என் மூக்குக்கண்ணாடி மேல் சந்தேகம் வந்தது. அதைக் கழற்றினால் மீனே தெரியவில்லை. சரி, மீனை அலுமினியத் தவலைக்கு மாற்றி மேலிருந்து பார்ப்போம் என்று மாற்றிவிட்டு, பார்த்ததை ஒழுங்காகக் குறித்துக்கொள்ளப் பென்சில் சீவப் போனேன். திரும்பி வந்தால் தவலை காலி. "அது அப்பவே மல்லாந்துடுச்சு, வீணாப் போகுதேன்னு குழம்புல போட்டுட்டேன்" என்கிறாள் உன் அக்காள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து, "எனக்கு ரத்தத்துல இரும்பு கம்மின்னு டாக்டரு டானிக் எழுதித் தர்றாரு, அவங்க கம்மியா இருக்கறதைத் தேடி மெட்ராசுக்கு ஆளனுப்பறாங்க. இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். எனக்கு என்ன வந்தது என்று அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. மங்கையோ இது எதையும் காதில் வாங்காமல் பாட்டுப் பாடிக்கொண்டு துணி உலர்த்துகிறாள். பாவம், குழந்தைக்கு நிலைமையின் தீவிரம் தெரியாது.

இந்த மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். ஆகவே அரசு, நீயே இரண்டில் ஒன்றை முடிவு செய்து, சந்தையில் இது ஒன்றுதான் கிடைக்கிறது, மற்றது வரத்தே இல்லை என்று உன் கடைப் பெயரில் உடனே ஒரு தந்தி கொடு. எது என்று நான் சொல்லமாட்டேன். சொல்லத் தெரிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. பழியைக் கடல் தாண்டி உன் தலையில் போடுகிறேன் என்பது எனக்குப் புரிகிறது. உன் தலை அங்கே பத்திரமாக இருக்கிறது, என் தலை இங்கே இருக்கிறது.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் யோசனை சொல்ல வேண்டிய நிலைமை வராமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைவேலு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளைப் பையன் சண்முகம் சிப்பிகாட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். "மாமா, கண்ணாடி விஷயமா ஏதும் சொல்லிடலையே?" என்றான். இல்லை என்றேன். உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டான். "சொல்லிடாதீங்க மாமா. எங்கப்பாவும் அம்மாவும் எதுக்காவது சண்டை போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. ஜன்னலுக்கு ஒரு வருஷம், மாடிப்படிக்கு ஒரு வருஷம். நான் பொறந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் மங்கைதான். கண்ணாடி முடிஞ்சுதுன்னா அடுத்தது கல்யாணத்துல கை வெப்பாங்க. தொட்டிக்காக நிக்க வேணாம், தாம்பூலத்தை இங்க உங்க வீட்டுலயே மாத்திக்கலாம்னு நீங்க சொல்லுங்க, ரெண்டு பேரும் வந்துடுவாங்க. யார் கூடத்துல யார் தோத்தாங்கங்கற பேச்சு இங்க கிடையாதே" என்றான். கதவுக்குப் பின்னால் மங்கை சிரித்தாள். இந்த யோசனை எங்கே உதித்தது என்று அப்போது விளங்கியது.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. தந்தி வேண்டவே வேண்டாம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இரண்டிலும் நல்லது கெட்டது இருக்கிறது என்று மாதம் ஒரு கடிதம் போடு. வைகாசி முகூர்த்தம் வரை தாங்கினால் போதும். இங்கே என் பங்குக்கு நான் எந்த முடிவுக்கும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். "உங்களை விட்டா இதுக்கு வேற ஆள் கிடையாது மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான் பையன். அது பாராட்டா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.