தொட்டி விரிசல் வழக்கில் திகில் அண்ணனின் தீர்ப்பு

இதுவரை எடுக்கப்பட்ட, இனி எடுக்கப்படவிருக்கும் எந்தத் திகில் படத்தாலும் அசைக்க முடியாத நெஞ்சு ஒன்று இந்தப் பூமியில் உண்டு. அது குளியலறைச் சாமான்கள் விற்கும் ஒரு கடையின் இரண்டாம் மாடியில், குழாய்ப் பிரிவில், நீலச் சீருடைச் சட்டைக்குள் அடக்கமாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரரைக் கடையில் எல்லோரும் ‘திகில் அண்ணன்’ என்றே அழைத்தார்கள். வெள்ளிக்கிழமை படம் வந்தால், சனிக்கிழமை கடை திறப்பதற்குள் அண்ணனின் கருத்து வந்துவிடும்.

கருத்து என்றால் லேசுப்பட்ட கருத்தா? “பேய் வீட்டுல குழாய் சொட்டுதாம். அதைப் பாத்துட்டு கதாநாயகி அலறுறா. வாஷர் போயிருக்கும், மாத்திட்டா பாதிப் படம் முடிஞ்சுது” என்பார். “இப்போ வர்ற பேய்ங்களுக்குப் பயமுறுத்தவே தெரியலை. வந்ததும் வராததுமா உக்காந்து தன் கஷ்டத்தைச் சொல்லி அழுவுது. நாமதான் தேத்தி அனுப்பணும்” என்பார். கொலைப் படங்களில் வரும் சாட்சிகளைக் கண்டால் மட்டும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “கண்ணால பாத்தவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? அவனுக்கு என்ன கேடு?” என்று குழாய் வாங்க வந்தவர்களிடம் நியாயம் கேட்பார். அவர்கள் குழாயை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பக்கத்து மேசையில் பில் போடும் பெண்தான் அண்ணனின் முதல் ரசிகை.

“கொலைகாரனை இடைவேளைக்கு முன்னாடியே எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?” என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

“ரொம்ப சுலபம்மா. எல்லா ஆதாரமும் யார் மேல விழுதோ, அவன் செஞ்சிருக்கவே மாட்டான். யாரும் சந்தேகப்படாம மூலையில ஒரு ஆள் டீ குடிச்சுக்கிட்டு இருக்கும் பாரு, அதுதான்.”

இந்த மாபெரும் ‘கோட்பாடு’ பேச்சோடு நின்றுவிடாமல் பொதுநலனுக்குப் பயன்படும் நாளும் வந்தது.

ஒரு மந்தமான மதியம். மேலாளர் காட்சி அறைக்குப் போய், அங்கே இருப்பதிலேயே விலை கூடிய குளியல் தொட்டிக்குள் ஷூவோடு இறங்கி, சாய்ந்து படுத்து, செல்போனை உயர்த்திப் பிடித்துத் தன்னையே படம் எடுத்தார். கோணம் சரியில்லை என்று கொஞ்சம் எம்பினார். தொட்டி ‘டக்’ என்றது. விரிசல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் எதிரே பார்த்தால், ஷவர் கண்ணாடிக்குப் பின்னால் துடைக்கும் துணியோடு திகில் அண்ணன். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் முதலாளி வருகிறார், உடைத்தது யாரானாலும் வேலை போய்விடும் என்று செய்தி வந்தது. மேலாளர் மறுநாள் காலையிலேயே ‘உயர்மட்ட விசாரணைக் குழு’ ஒன்றை அமைத்தார். குழுவில் ஒரே ஒருவர்தான்.

“உன்னை விட்டா இதுக்கு யாருப்பா இருக்கா?” என்று அண்ணனின் தோளில் கை போட்டார். “காட்சி அறைச் சாவி அந்தப் பில் போடுற பொண்ணுகிட்டதான் இருக்கு. இதைச் சும்மா தகவலுக்குத்தான் சொல்றேன்.”

விசாரணை சரக்கறையில் நடைபெற்றது. வரிசையாக நின்ற கழிப்பறைப் பீங்கான்களில் மூடி போட்ட ஒன்றின் மேல் அண்ணன் நீதிபதியாக வீற்றிருந்தார். மேலாளர் கதவருகே ‘பார்வையாளராக’ நின்றார். பில் போடும் பெண் எதிரே நின்றாள். அவள் வீட்டில் அவளுடைய சம்பளம் ஒன்றுதான் வருகிறது என்பது அண்ணனுக்கும் தெரியும்.

“தொட்டிக்குள்ள பெரிய ஷூ தடம் இருக்குண்ணே. நான் போட்டிருக்கிறது செருப்பு” என்றாள்.

“அதான் இடிக்குது. நிஜத் தடம் அவ்வளவு தெளிவா இருக்காது.”

“சார் தொட்டியில படுத்திருக்கிற போட்டோவை அவரே ஸ்டேட்டஸ்ல போட்டாரு. நீங்க கூட லைக் போட்டீங்க.”

“அது பாக்குறவனைத் திசைதிருப்ப வச்ச காட்சிம்மா.”

“யாருண்ணே வச்சா?”

“அதெல்லாம் இயக்குநர் வேலை. நடுவுல பேசாத.”

“நேத்துல இருந்து அவரால நிமிர்ந்து நடக்க முடியலையே.”

மேலாளர் சட்டென்று நிமிர்ந்தார். நிமிர்ந்த வேகத்திலேயே “அம்மா” என்று குனிந்தார்.

“பாத்தியா, எல்லாமே ஒருத்தர் மேலயே விழுது. அப்போ அவர் நிரபராதி” என்று அண்ணன் தீர்மானமாகச் சொன்னார். “உன் மேல ஒரு சந்தேகம்கூட வரலை. அதுதான் எனக்கு உறுத்துது.”

அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

“கோட்பாட்டை விடுங்கண்ணே. நேத்து மதியம் நீங்க ஷவர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க. அங்க நின்னா தொட்டி நேரா தெரியும். நீங்க ஒண்ணும் பாக்கலையா?”

மேலாளர் லேசாகத் தொண்டையைச் செருமினார். செய்தது அவ்வளவுதான். எத்தனையோ பேய்கள் தலைகீழாகத் தொங்கியும், சுவரில் ஊர்ந்தும் சாதிக்க முடியாததை அந்தச் செருமல் சாதித்தது. அண்ணனுக்கு முதுகில் வியர்வை இறங்கியது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

“கண்ணாடியெல்லாம் ஒரே அழுக்கும்மா” என்றார். “ஒண்ணும் தெரியலை.”

பில் போடும் பெண்தான் உடைத்தாள் என்ற தீர்ப்பு அப்படியே ஏற்கப்பட்டது. முதலாளி வந்தார், குழுவின் ‘நடுநிலை’யைப் பாராட்டினார். அண்ணனின் சட்டையில் ‘தள மேற்பார்வையாளர்’ என்ற பட்டை குத்தப்பட்டது. மேலாளர்தான் முதலில் கைதட்டினார்.

பில் போட்ட பெண் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அண்ணன் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

“மனசுல எதுவும் வச்சுக்காதம்மா. நான் என்ன பண்ண முடியும், சொல்லு?”

அவள் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“பேய்ப் படம்னா எனக்கு ரொம்பப் பயம்ணே. பயம் வந்தா கண்ணை இறுக்கி மூடிக்குவேன். நீங்க கண்ணை நல்லா தொறந்து வச்சுக்கிட்டே பாக்காம இருந்துட்டீங்க. அவ்வளவு தைரியம் எனக்கு வராதுண்ணே.”