பரவாயில்லைக்காரர் விடுதிக்குப் போன கதை

உலகத்தில் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு, கேட்காமலே எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் திட்டித் தீர்த்தாகிவிட்டது. கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் யாரும் தொடுவதில்லை. பரவாயில்லைக்காரர்கள் என்று பெயர். பேருந்தில் அவர்கள் காலை மிதியுங்கள்: பரவாயில்லைங்க. அவர்கள் சாப்பாட்டில் முடி கிடக்கட்டும்: பரவாயில்லைங்க. தங்கமான மனிதர்கள். அந்தத் தங்கம் வீட்டில் எப்படி மின்னுகிறது என்பதை மனைவிமார்தான் சொல்ல வேண்டும்.

ஒருத்தியின் கதையைக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் ஊரார் நரம்பைத் தேடிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து அடுப்பைத் தேடுகிறவள். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு ஒரே ஓர் ஆசை. “ரெண்டு நாள். ஒரு டம்ளர்கூட கழுவாம ரெண்டு நாள் இருக்கணும். எங்கயாவது கூட்டிட்டுப் போங்க.”

அவள் கணவர், நம்முடைய பரவாயில்லைக்காரர், கூட்டிப்போனார். கஞ்சர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. தார்ச்சாலை முடிந்து, மண்பாதையும் அலுத்துப்போய், மரங்களுக்கு நடுவே பழைய மாளிகை ஒன்று விடுதியாக நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வேறு கூரை இல்லை. உயரமான சன்னல்கள், குளத்தில் நாலைந்து வாத்துகள். காரை விட்டு இறங்கியவள் அத்தனையையும் பார்த்தாள். இதில் எதையும் நான் பெருக்க வேண்டியதில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

விடுதி ஆள் பெட்டிகளை எடுக்க ஓடிவந்தான். அவர் குறுக்கே பாய்ந்தார். பரவாயில்லைங்க, நாங்க பாத்துக்கறோம். அவன் இழுக்க, இவர் இழுக்க, கடைசியில் அவன் தோற்றான். வெற்றி பெற்றவர் அவன் தோளில் கைபோட்டு, எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே மாடியேறினார். பெட்டிகள் பின்னால் வந்தன. பெட்டிகளுக்குக் கால் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குழாயில் வெந்நீர் வரவில்லை. சொல்லட்டுமா என்றாள். பாவம், அவங்களுக்கு ஆயிரம் வேலை, பச்சைத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்றார். நல்லதுதான் போலும், பல் கிட்டித்துப்போய் அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. அறைக்கே சாப்பாடு கொண்டுவருவதாகச் சொன்னார்கள். தடுத்துவிட்டார். எடுத்துவர அவளை அனுப்பினார். காலித் தட்டுகளை அப்படியே கொடுத்தால் நன்றாக இருக்காதாம். குளியலறைத் தொட்டியில் அலசிக் கொடுக்கலாமாம். அலசினாள்.

மறுநாள் விடியலில் அவள் தோளைத் தட்டினார். “எந்திரி. அந்தம்மா பெருக்க வர்றதுக்குள்ள ஒரு தரம் பெருக்கிடு. இப்படிக் கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?”

விளக்குமாறு ஏது என்கிறீர்களா? மாடிப்படிக்குக் கீழே தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

சிரிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய அம்மா அடுத்தவர் வீடுகளைப் பெருக்கி அவரைப் படிக்கவைத்தவர். எனக்காக இன்னொருத்தி குனியக் கூடாது என்பது அவர் எடுத்துக்கொண்ட சபதம். மதிக்க வேண்டிய சபதம்தான். என்ன, கட்டிக்கொண்டவளை அந்த இன்னொருத்திகளின் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். மனிதாபிமானம் அவருடையது, விளக்குமாறு அவளுடையது.

அன்று மாலை அவள் குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, அறை துடைக்கும் அம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். “அக்கா, நாங்க எதுனா தப்பு பண்ணிட்டமா? சார் உள்ளயே விட மாட்டேங்கறாரு. வந்தவங்களே பெருக்கிக்கறாங்கன்னா நீ எதுக்குன்னு மேனேஜர் கேக்கறாரு.”

ஒருத்தி வேலை செய்யவிடவில்லை என்று அழுகிறாள், ஒருத்தி வேலை செய்தே ஓய்ந்துபோகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நல்ல மனிதர்.

கடைசி நாள் காலை. போர்வைகளை மடித்து, விரிப்பை உதறி, வந்த சுவடே தெரியாமல் கிளம்ப வேண்டும் என்று அவர் எழுப்பினார். அவள் எழவில்லை. கதவு தட்டப்பட்டது. அவர் ஓடிப்போய் ஒருசாண் மட்டும் திறந்து, “பரவாயில்லைங்க, நாங்களே...” என்று தொடங்கினார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “உள்ள வாங்கம்மா. வெந்நீர் வரல, யாரையாவது பாக்கச் சொல்லுங்க. எனக்கு ஒரு டீ வேணும், இங்கயே. ரூமைப் பெருக்கணும், தொடைக்கணும். விரிப்பு மட்டும் அப்புறம். நான் எந்திரிக்க நேரமாகும்.”

அந்த அம்மாளுக்கு எங்கிருந்து அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ. டீ வந்தது, வாளி வந்தது, குழாய்க்காரர் வந்தார். பரவாயில்லைக்காரருக்கு எங்கே நிற்பதென்றே தெரியவில்லை. சன்னலோரம் போனார், அங்கே துடைக்க வேண்டியிருந்தது. மேசையோரம் போனார், அங்கேயும் துடைக்க வேண்டியிருந்தது. உதவலாமென்று குப்பைக்கூடையைத் தூக்கினார்.

“சார், அத வச்சுட்டுக் கொஞ்சம் வெளிய நிக்கறீங்களா?” என்றாள் அந்த அம்மாள்.

வெளியே நின்றார். உள்ளே இரண்டு பெண்கள் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள், நல்லது. போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி தான் சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனபோது, “அட, பரவாயில்லைங்க, வைங்க” என்று பெருந்தன்மையோடு தடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

அந்தத் தட்டைக் கழுவியது யார்?